தொழில்மயமான நாடுகளை நோக்கிய தொழிலாளர் இடப்பெயர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக எல்லை கடப்பவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவர்கள் புறப்படும் நாட்டின் வறுமையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர்களை வரவழைக்கும் பொருளாதாரத்தின் தேவை என்ன, அது எப்படி உருவாகிறது, அதை நிறைவேற்ற அரசுகள் வகுக்கும் விதிகள் தொழிலாளியின் வாழ்க்கையை எவ்வாறு மாற்றுகின்றன என்ற கேள்விகளுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. இப்பக்கத்தில் அவற்றுக்கே கூடுதல் கவனம் தரப்பட்டுள்ளது.

தொழிலாளர் இடப்பெயர்வு என்பது எதைக் குறிக்கிறது?

ஊதியத்திற்கு வேலை செய்யும் நோக்கத்துடன் ஒருவர் தம் நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குச் சென்று தங்குவதை இது குறிக்கிறது. போருக்கும் ஒடுக்குமுறைக்கும் அஞ்சி வெளியேறும் ஏதிலிகளைப் பன்னாட்டுச் சட்டம் தனி வகையாகவே கருதுகிறது. 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கை அவர்களுக்கானது. நடைமுறையில் இந்தப் பிரிவு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. போரால் குலைந்த நாட்டிலிருந்து ஒருவர் வேலை விசாவில் வரலாம். மாணவராக வந்தவர் படிப்பு முடிந்ததும் தொழிலாளி ஆகலாம். குடும்ப விசாவில் வந்த கணவரோ மனைவியோ சில மாதங்களில் தொழிற்சாலையில் சேரலாம். ஆகவே வேலை விசாக்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு உண்மை அளவு தெரியவராது.

தொழில்மயமான நாடுகள் என்று இங்கே குறிப்பிடப்படுபவை மேற்கு மற்றும் வடக்கு ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா முதலியவை. வளைகுடா நாடுகளும் மிகப் பெரிய எண்ணிக்கையில் தொழிலாளர்களை வரவழைக்கின்றன. ஆனால் அங்குள்ள எண்ணெய்ப் பொருளாதாரமும், தொழிலாளியின் தங்கும் அனுமதியை முதலாளியின் பொறுப்பில் விடும் கஃபாலா முறையும் தனியாக ஆராயத்தக்கவை.

எத்தனை பேர் இவ்வாறு வேலை செய்கிறார்கள்?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2022இல் உலகெங்கும் 16.77 கோடிப் புலம்பெயர்ந்தோர் உழைப்பாளர் தொகையில் இருந்தனர். இது உலக உழைப்பாளர் தொகையில் 4.7 விழுக்காடு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் உயர் வருமான நாடுகளில் இருந்தனர். வேலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் சேவைத் துறையிலும், 24 விழுக்காட்டினர் தொழில் துறையிலும், 7 விழுக்காட்டினர் வேளாண்மையிலும் பணியாற்றினர். வயலில் குனிந்து பழம் பறிப்பவரின் படமே செய்திகளில் அதிகம் வருகிறது என்றாலும், மருத்துவமனை, உணவகம், கிடங்கு, துப்புரவு, முதியோர் இல்லம் ஆகியவையே இன்று பெரும்பாலோரின் பணியிடங்கள்.

வறுமைதான் முதன்மைக் காரணமா?

ஒரு காரணம்தான். வறுமை மட்டுமே மக்களை வெளியே தள்ளுகிறது என்றால் மிக ஏழ்மையான நாடுகளிலிருந்தே மிக அதிகமானோர் வெளியேற வேண்டும். உண்மை நிலை அதற்கு மாறாக உள்ளது. மெக்சிகோ, துருக்கி, பிலிப்பைன்ஸ், மொராக்கோ, போலந்து என்று தொழிலாளர்களை அதிகம் அனுப்பிய நாடுகளைப் பார்த்தால், அவை அந்தந்தக் காலத்தில் உலகின் அடிமட்ட வறுமையில் இருந்தவை அல்ல என்பது தெரியும். பயணச் செலவு, கடவுச்சீட்டு, முகவர் கட்டணம், மொழித் தேர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தையோ அதற்கு ஈடான நிலத்தையோ வைத்திருப்பவரால்தான் புறப்பட முடிகிறது. எனவே ஏழை நாடு ஒன்று வளரத் தொடங்கும்போது வெளியேறுவோர் எண்ணிக்கை முதலில் கூடுகிறது; நாட்டின் வருமானம் நடுத்தர நிலையைத் தாண்டிய பிறகே அது குறையத் தொடங்குகிறது. இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியா ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் தொழிலாளர்களை அனுப்பியவை, இன்று வரவழைப்பவை.

வளர்ச்சியின் போக்கே மக்களை இடம்பெயரச் செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வேளாண்மை இயந்திரமயமாகும்போது நிலத்தை நம்பியிருந்தவர்கள் விடுபட்டுப்போகிறார்கள். கல்வி பரவும்போது, படித்தவர்களுக்கு ஏற்ற வேலைகள் அதே வேகத்தில் உருவாவதில்லை. மலிவான இறக்குமதி உள்ளூர் உற்பத்தியை முடக்கும்போது கைத்தொழிலாளர்களின் பிழைப்பு போகிறது. ஆகவே உதவி கொடுத்து வறுமையைக் குறைத்தால் இடப்பெயர்வு நின்றுவிடும் என்ற வாக்குறுதி, குறுகிய காலத்துக்கு, பொய்த்துப்போகவே வாய்ப்பு அதிகம்.

நாடுகளுக்கு இடையிலான ஊதிய வேறுபாடு எவ்வளவு தூரம் விளக்கம் தரும்?

ஒரே வேலையைச் செய்யும் ஒரே மனிதர், எல்லையைக் கடந்ததும் பல மடங்கு ஊதியம் பெறுகிறார். அவருடைய திறமையும் உழைப்பும் மாறவில்லை. அவரைச் சுற்றியுள்ள இயந்திரங்களும், சாலைகளும், சந்தையும், சட்டமும் மாறியிருக்கின்றன. இந்த வேறுபாடு மிக வலிமையான ஈர்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே தெருவில் ஒருவர் போவதையும் அடுத்தவர் போகாததையும் விளக்க முடியாது. 1980களில் ஓடெட் ஸ்டார்க் முதலிய பொருளியலாளர்கள் இதற்கு ஒரு நல்ல விடையை முன்வைத்தனர். முடிவெடுப்பது பெரும்பாலும் தனிமனிதர் அல்லர், குடும்பம் என்றார்கள். பயிர்க் காப்பீடு இல்லாத இடத்தில், மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் குடும்பம் மூழ்கிவிடாமல் இருக்க, வேறொரு நாட்டின் பொருளாதாரத்தில் ஒருவரை வேலைக்கு அமர்த்திவைப்பது ஒரு காப்பீடாகிறது. வங்கிக் கடன் எட்டாத இடத்தில், வெளிநாட்டு ஊதியமே வீடு கட்டவும் கடை வைக்கவும் முதலாகிறது. இப்படிப் பார்த்தால், ஒரு குடும்பத்தில் மூத்த மகள் செவிலியராக வெளிநாட்டிலும், அடுத்தவர் நகரத்திலும், மற்றொருவர் நிலத்திலும் இருப்பது தற்செயல் அன்று என்பது புரியும்.

உள்நாட்டில் வேலையற்றோர் இருக்கும்போதே தொழில்மயமான நாடுகள் ஏன் வெளிநாட்டவரை வரவழைக்கின்றன?

தொழிலாளர் இடப்பெயர்வைப் பற்றிய கேள்விகளில் இதுவே மையமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் பியோர் 1979இல் கொடுத்த விளக்கம் இன்றும் பெரிதும் பொருந்துகிறது. வளர்ந்த பொருளாதாரத்தின் வேலைச் சந்தை இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் நிலையான பணி, பதவி உயர்வு, ஓய்வூதியம், சங்கப் பாதுகாப்பு ஆகியவை உள்ள வேலைகள். மறுபக்கத்தில் குறைந்த கூலி, ஒழுங்கற்ற நேரம், காயப்படும் ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படும் நிலை ஆகியவற்றைக் கொண்ட வேலைகள். அழுக்கான, கடினமான, ஆபத்தான வேலைகள் என்று ஜப்பானியர் மூன்று சொற்களில் குறிப்பிடுபவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் கூலியைக் கூட்டினால் உள்நாட்டவர் வர மாட்டார்களா என்று கேட்கலாம். ஓரளவு வருவார்கள். ஆனால் அடிமட்ட வேலையின் கூலியைக் கூட்டினால் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு படியிலும் இருப்பவர்கள் தங்கள் தகுதிக்கேற்ற இடைவெளியைக் கேட்பார்கள். கட்டமைப்பு முழுவதும் அசையும். நிறுவனங்கள் அதைத் தவிர்க்கவே விரும்புகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவர், குறைந்தது முதல் சில ஆண்டுகளுக்கு, அந்த ஏணியில் தம்மை வைத்து அளந்துகொள்வதில்லை. அவருடைய மதிப்பும் மரியாதையும் பிறந்த ஊரில் இருக்கின்றன, இங்கே இருப்பது பணம் மட்டுமே. அவருடைய பிள்ளைகள் அதே நாட்டில் பிறந்து வளரும்போது இந்தப் பொறுமை இருக்காது. அவர்கள் பிற குடிமக்களைப் போலவே நல்ல வேலையை எதிர்பார்ப்பார்கள்; அப்போது அடிமட்டத்துக்கு மீண்டும் புதியவர்கள் தேவைப்படுவார்கள். நிரந்தரமான ஒரு தேவை தற்காலிக மனிதர்களைக் கொண்டு நிரப்பப்படுவதன் காரணம் இதுதான்.

இதை ஒப்புக்கொள்ளாத அரசியல் நேர்மையற்றது. மலிவான காய்கறியையும் மலிவான வீட்டுத் துப்புரவையும் தள்ளுபடி விலையில் இறைச்சியையும் ஏற்றுக்கொள்ளும் சமூகம், அவற்றை மலிவாக்கும் உழைப்பாளியை மட்டும் அழையாமல் வந்தவர் என்று சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனா பரவலால் எல்லைகள் மூடப்பட்டிருந்த நாட்களிலேயே, அஸ்பாரகஸ் அறுவடைக்காக ருமேனியத் தொழிலாளர்களை ஜெர்மனி தனி விமானங்களில் வரவழைத்தது.

மக்கள்தொகை மூப்பு இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது?

பெரிய பங்கு, அது ஆண்டுதோறும் கூடுகிறது. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாத் தொழில்மயமான நாடுகளும் இதற்குக் கீழே உள்ளன. தென்கொரியாவில் 2023இல் இது 0.72 ஆக இருந்தது. ஜப்பானில் 10 பேரில் ஏறத்தாழ 3 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். உழைப்பவர் குறைவதும், பராமரிப்பு தேவைப்படுவோர் கூடுவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. தொழிற்சாலையை வெளிநாட்டுக்கு மாற்றிவிடலாம். படுக்கையில் இருக்கும் முதியவரைக் குளிப்பாட்டும் வேலையை மாற்ற முடியாது. ஆகவே அந்த வேலைக்கு ஆள் வந்தாக வேண்டியிருக்கிறது.

ஒரு நாட்டிலிருந்து குறிப்பிட்ட இன்னொரு நாட்டுக்கே அதிகம் பேர் செல்வது ஏன்?

வரலாறு ஒரு காரணம். அல்ஜீரியர்கள் பிரான்சுக்கும் ஜமைக்கர்கள் பிரிட்டனுக்கும் சென்றதில் காலனி ஆட்சியின் மொழியும் சட்டமும் வழி அமைத்தன. 1962ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டனுக்குள் தடையின்றி வர முடிந்தது.

அரசுகளும் நிறுவனங்களும் திட்டமிட்டு நடத்திய ஆள்சேர்ப்பு இன்னொரு காரணம். துருக்கியர் ஜெர்மனியில் இருப்பதற்குக் காலனி ஆட்சி காரணம் அன்று. 1961இல் கையெழுத்தான உடன்பாடே காரணம். முதலில் சென்றவர் வேலையும் அறையும் பார்த்து வைத்த பிறகு அடுத்தவரின் செலவும் அச்சமும் குறைகின்றன. உறவினர் உறவினரை அழைக்கிறார், மேற்பார்வையாளர் தம் ஊர்க்காரரைச் சேர்க்கிறார். சில ஆண்டுகளில், தொடக்கத்தில் இருந்த ஊதிய வேறுபாடு சுருங்கிய பின்னும் ஓட்டம் தன் விசையிலேயே தொடர்கிறது. ஒரு கிராமமே ஒரு நகரத்தின் ஒரு தொழிலில் குவிந்திருப்பதற்கு இதுவே விளக்கம்.

தற்காலிகமாக வந்தவர்கள் உண்மையில் திரும்பிச் செல்கிறார்களா?

பெரும்பாலோர் திரும்பினர் என்பதையும், திரும்பாதோரும் கணிசமான எண்ணிக்கையில் இருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேற்கு ஜெர்மனியின் அனுபவம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1955இல் இத்தாலியுடன் தொடங்கி, 1960இல் ஸ்பெயின், கிரேக்கம், 1961இல் துருக்கி, 1963இல் மொராக்கோ, 1964இல் போர்ச்சுகல், 1965இல் துனீசியா, 1968இல் யூகோஸ்லாவியா என்று அந்நாடு ஆள்சேர்ப்பு உடன்பாடுகளைச் செய்துகொண்டது. 1973 நவம்பரில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 1.4 கோடிப் பேர் வந்தனர். அவர்களில் ஏறத்தாழ 1.1 கோடிப் பேர் திரும்பினர். ஒவ்வொரு பெரும் ஓட்டமும் தனக்கு எதிரான ஓட்டம் ஒன்றையும் உண்டாக்கும் என்று 1885இலேயே புவியியலாளர் ராவன்ஸ்டைன் எழுதியது இங்கே மெய்யாயிற்று.

துருக்கியுடன் செய்த முதல் உடன்பாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற வரம்பு இருந்தது. அதை எதிர்த்தவர்கள் முதலாளிகளே. பயிற்சி பெற்றுக் கைதேர்ந்தவரை அனுப்பிவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது அவர்களுக்கு இழப்பாக இருந்தது. 1964இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. 1973இல் கதவு மூடப்பட்டபோது இன்னொரு திருப்பம் நிகழ்ந்தது: ஒருமுறை வெளியேறினால் மீண்டும் வர முடியாது என்று அறிந்த தொழிலாளர்கள் திரும்புவதற்குப் பதிலாக மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டனர். குறையும் என்று எதிர்பார்க்கப்பட்ட வெளிநாட்டவர் எண்ணிக்கை 1980களின் தொடக்கத்தில் முன்பைவிடக் கூடியிருந்தது. அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் 1980களுக்குப் பின் காவல் கடுமையானபோதும் இதே விளைவு ஏற்பட்டது. பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் போய்க்கொண்டிருந்தவர்கள், கடக்கும் செலவும் ஆபத்தும் கூடியதால், வந்த இடத்திலேயே தங்கிவிட்டனர்.

திரும்பியவர்களின் நிலையும் எண்ணிப்பார்க்கத்தக்கது. 1964 செப்டம்பரில் கொலோன் நகர ரயில் நிலையத்தில், பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளி என்று அர்மாண்டோ ரொட்ரிகெஸ் டி சா என்ற போர்ச்சுகீசியத் தச்சருக்குப் பூச்செண்டும் ஒரு மோபெட் வண்டியும் வழங்கப்பட்டன. அவர் பின்னர் நோயுற்று ஊர் திரும்பி 1979இல் இறந்தார். அந்த வண்டி இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பல ஆண்டுகள் செலுத்திய காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் ஊர் திரும்பியபின் எப்படிப் பெறுவது என்று அறியாதவர்கள் அக்காலத்தில் மட்டும் இருந்தவர்கள் அல்லர்.

பொருளாதார மந்தநிலை வரும்போது என்ன நேர்கிறது?

முதலில் வேலை இழப்பவர்கள் புலம்பெயர்ந்தவர்களே. அரசுகள் சில வேளைகளில் பணம் கொடுத்தும் அனுப்பப் பார்த்துள்ளன. பிரான்ஸ் 1977இல் 10,000 ஃபிராங்கும், மேற்கு ஜெர்மனி 1983ஆம் ஆண்டின் சட்டப்படி 10,500 மார்க்கும் கொடுக்க முன்வந்தன. ஜப்பான் 2009இல், 1990ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தானே வரவேற்றிருந்த ஜப்பானிய வம்சாவளி லத்தீன் அமெரிக்கர்களுக்கு, அதே விசாவில் திரும்பி வரக்கூடாது என்ற நிபந்தனையுடன் ஆளுக்கு 3 லட்சம் யென் வழங்கியது. இவை எதுவும் எதிர்பார்த்த அளவுக்கு மக்களைத் திருப்பி அனுப்பவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல், ஆள் பற்றாக்குறையால் ஜப்பான் புதிய வேலை விசாவை அறிமுகம் செய்தது.

ஒரே முதலாளியுடன் பிணைக்கும் விசா ஏன் குறைகூறப்படுகிறது?

வேலையை விட்டால் நாட்டையும் விட்டாக வேண்டும் என்ற நிலை, தொழிலாளியின் பேரம் பேசும் ஆற்றலை வேரோடு எடுத்துவிடுகிறது. கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டாலும், நேரம் நீட்டிக்கப்பட்டாலும், தங்குமிடம் தரமற்று இருந்தாலும் அவர் புகார் செய்யத் தயங்குவார். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் இருக்கும் பொறியாளருக்கே வேலை போனால் 60 நாள் அவகாசம்தான். அதற்குள் புதிய நிறுவனம் கிடைக்க வேண்டும். பண்ணைத் தொழிலாளியின் நிலை இதைவிட மோசம். கனடாவின் பருவகால வேளாண் தொழிலாளர் திட்டம் 1966இல் ஜமைக்காவுடன் தொடங்கியது, 1974இல் மெக்சிகோவும் சேர்ந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 8 மாதங்கள் என்று, ஒரே பண்ணைக்குப் பத்து, இருபது ஆண்டுகள் திரும்பத் திரும்ப வருபவர்கள் உள்ளனர். அத்தனை ஆண்டுகளும் அவர்களுக்கு அத்திட்டத்தின் வழியே நிரந்தரக் குடியுரிமைக்கான தகுதியைத் தரவில்லை.

ஊதியத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, ஊர் திரும்பியதும் தருவதாகச் சொல்வது இன்னொரு பழைய முறை. அமெரிக்கப் பண்ணைகளுக்கு மெக்சிகோவிலிருந்து ஆள்சேர்க்க, இரு நாடுகளும் 1942 முதல் 1964 வரை நடத்திய பிராசெரோ திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஊதியத்தில் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டது. பலருக்கு அது கைக்கு வந்து சேரவில்லை. கிழக்கு ஜெர்மனியில் 1979 முதல் பணியாற்றிய மொசாம்பிக் தொழிலாளர்களுக்கும் இதுவே நடந்தது. அவர்கள் பல பத்தாண்டுகளாக மபுட்டோ நகரத் தெருக்களில் போராடி வந்தனர். முதலாளித்துவ அரசும் சோசலிச அரசும் இந்த ஒன்றில் வேறுபடவில்லை என்பது வேதனைக்குரியது.

முகவர்களுக்குக் கட்டணம் செலுத்துவது சட்டப்படி சரியா?

தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதே 1997ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 181இன் பொது விதி. ஆனால் பல நாடுகள் அதை ஏற்கவில்லை. ஏற்ற நாடுகளிலும் கட்டணம் வேறு பெயர்களில் வாங்கப்படுகிறது. அதன் விளைவு கடன். ஓராண்டு ஊதியத்துக்கு நிகரான கடனுடன் புறப்படுபவர், போய்ச் சேர்ந்த இடத்தில் சொன்ன வேலை இல்லையென்றாலும் திரும்ப முடியாது. கட்டாய உழைப்புக்கு வழிவிடும் காரணங்களில் இந்தக் கடனே மிக வலிமையானது.

தென்கொரியா 2004இல் தொடங்கிய வேலை அனுமதி முறை இவ்வகையில் ஒரு முன்னேற்றம். அங்கே அரசுகளுக்கு இடையிலான உடன்பாட்டின் வழியே, கொரிய மொழித் தேர்வின் அடிப்படையில் ஆட்கள் சேர்க்கப்படுவதால் தனியார் முகவரின் இடம் பெரிதும் குறைந்தது. பணியிடம் மாறுவதற்குள்ள கட்டுப்பாடுகள் அம்முறையின் பெருங்குறை. ஜப்பானில் 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டமோ, திறன் கற்பித்தல் என்ற பெயரில் தொழிலாளர்களை வரவழைத்து, முகவர் கடனாலும் உரிமை மீறல்களாலும் நெடுங்காலம் கண்டிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வேறொரு முறையைக் கொண்டுவரும் சட்டம் 2024இல் நிறைவேறியது.

பெண்களின் இடப்பெயர்வு எவ்வகையில் வேறுபடுகிறது?

புலம்பெயர்ந்த உழைப்பாளர்களில் பெண்கள் 2022இல் 38.7 விழுக்காடு. வேலையில் இருந்த புலம்பெயர் பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பராமரிப்புப் பணிகளில் இருந்தனர். ஆண்களில் இது 12 விழுக்காடு. தொழில்மயமான நாடுகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பிறகும் குழந்தை, முதியோர் பராமரிப்பை அரசோ ஆண்களோ போதிய அளவில் ஏற்கவில்லை. அந்த இடைவெளியை இன்னொரு நாட்டுப் பெண் நிரப்புகிறார். அவர் விட்டு வந்த குழந்தையைப் பாட்டியோ மூத்த மகளோ கவனிக்கிறார். வீட்டுக்குள் நடக்கும் வேலை என்பதால் தொழில் ஆய்வாளரின் கண் அங்கே எட்டுவதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ளவை போன்ற அடிப்படை உரிமைகளை வழங்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 189 வந்தது 2011இல்தான் என்பதே இத்துறை எவ்வளவு காலம் புறக்கணிக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

படித்தவர்கள், திறன்மிக்கோர் நிலை வேறா?

அவர்களுக்கு வழி அகலமானது. கனடா 1967இல் கல்வி, மொழி, வயது, அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரும் முறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவும் வேறு சில நாடுகளும் பின்னர் அதைப் பின்பற்றின. இவ்வழியில் வருபவர் குடும்பத்துடன் வரலாம், நிரந்தரமாகத் தங்கலாம்.

ஆனால் விசா அளிக்கும் துறை மதிக்கும் பட்டத்தை, தொழில் உரிமம் வழங்கும் அமைப்பு மதிப்பதில்லை. மருத்துவர் உதவியாளராகவும், பொறியாளர் கிடங்கு ஊழியராகவும் பல ஆண்டுகள் கழிப்பது இதனால்தான். அவரைப் படிக்கவைத்த நாடும் இழக்கிறது, வந்த நாடும் பயன்பெறவில்லை. மருத்துவப் பணியாளர்களைப் பொறுத்தவரை இழப்பின் கனம் அதிகம். கடும் பற்றாக்குறையுள்ள நாடுகளிலிருந்து முனைந்து ஆள்சேர்க்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நடத்தை நெறியை ஏற்றது. அது சட்டப்படி கட்டுப்படுத்தாத நெறி. பணக்கார நாடுகளின் மருத்துவமனைகள் தொடர்ந்து ஆள்சேர்க்கவே செய்கின்றன. அதே வேளையில், செவிலியரின் போகும் உரிமையைப் பறித்து அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட முயல்வது நியாயமாகாது. போதிய எண்ணிக்கையில் தன் செவிலியர்களைப் பயிற்றுவிக்காத பணக்கார நாடு, பயிற்சிச் செலவில் பங்கேற்பதே நியாயம்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களால் உள்நாட்டவரின் கூலி குறைகிறதா?

பொதுவாக எதிர்பார்க்கப்படும் அளவுக்குக் குறைவதில்லை. 1980இல் கியூபாவிலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் சில மாதங்களில் புளோரிடாவுக்கு வந்தனர். மயாமி நகரின் உழைப்பாளர் தொகை சுமார் 7 விழுக்காடு கூடியது. பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்த குறைதிறன் தொழிலாளர்களின் கூலியிலோ வேலைவாய்ப்பிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு காணப்படவில்லை. பின்னர் இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ், பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்து, கூலி சரிந்தது என்று வாதிட்டார். அந்தக் குழு மிகச் சிறியது என்பதால் அவருடைய முடிவை ஏற்காதவர்களும் உண்டு. புதிதாக வருபவர்கள் உழைப்பாளிகளாக மட்டுமின்றி நுகர்வோராகவும் இருப்பதும், உள்நாட்டவர் மொழித்திறன் தேவைப்படும் வேலைகளுக்கு நகர்வதும் பாதிப்பைக் குறைக்கின்றன.

வெளிநாட்டவர் வருகை நிறுத்தப்பட்டபோது கிடைத்த சான்றும் இதையே சொல்கிறது. உள்நாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களின் கூலி உயரும் என்ற எதிர்பார்ப்புடன் 1964இன் முடிவில் பிராசெரோ திட்டம் நிறுத்தப்பட்டது. மாநிலங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவ்வாறு கூலி உயர்ந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. கூலியை உண்மையில் கீழே இழுப்பது எது என்று கேட்டால், உரிமையற்ற தொழிலாளி என்று சொல்லலாம். புகார் செய்ய முடியாதவர் பக்கத்தில் நிற்கும்போது புகார் செய்யக்கூடியவரின் குரலும் தளர்ந்துவிடுகிறது.

வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்த நாடுகளை வளர்த்துவிடுமா?

குடும்பங்களை வளர்க்கும், நாட்டை வளர்க்க அது மட்டும் போதாது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2023இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு 650 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகை வந்தது. இது அந்நாடுகள் பெற்ற அந்நிய நேரடி முதலீட்டைவிட அதிகம். நெருக்கடிக் காலத்தில் முதலீடு ஓடிவிடும், இந்தப் பணம் தொடர்ந்து வரும். ஆனால் 200 டாலர் அனுப்பும் தொழிலாளி சராசரியாக 6 விழுக்காட்டுக்கும் மேல் கட்டணமாக இழக்கிறார். 2030க்குள் இதை 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவதாக உலக நாடுகள் ஒப்புக்கொண்டுள்ளன.

புலம்பெயர் தொழிலாளர்களுக்குப் பன்னாட்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

எழுத்தில் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949, 1975 உடன்படிக்கைகள் சமமான நடத்துமுறையைக் கோருகின்றன. புலம்பெயர் தொழிலாளர்கள், அவர்களது குடும்பத்தினர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1990 டிசம்பர் 18 அன்று ஏற்கப்பட்டு, போதிய நாடுகளின் ஒப்புதல் கிடைத்து 2003 ஜூலை 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. மேற்கு ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய எதுவும் அதில் இணையவில்லை. ஆவணமற்றவர்களுக்கும் அடிப்படை உரிமைகளை அது வழங்குவதே அவற்றின் தயக்கத்துக்குரிய காரணங்களுள் ஒன்று. ஆகவே நடைமுறைப் பாதுகாப்பு ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தையும் தொழிற்சங்கத்தையும் சார்ந்தே உள்ளது. ஜெர்மனியில் இறைச்சிக் கூடங்களில் கொரோனா பரவியபோது, அங்கிருந்த கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்களின் தங்குமிடங்களும் துணை ஒப்பந்த முறையும் வெளிச்சத்துக்கு வந்தன. 2021 ஜனவரி முதல் இறைச்சித் துறையின் மையப் பணிகளில் துணை ஒப்பந்தம் தடை செய்யப்பட்டது. அரசு முனைந்தால் விதி எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு அது சான்று.

ஆவணமற்ற தொழிலாளர்கள் எப்படி உருவாகிறார்கள்?

எல்லையை மறைவாகக் கடந்தவர்கள் ஒரு பகுதியினர்தாம். முறையான விசாவில் வந்து, காலம் முடிந்தபின் தங்கியவர்களும், முதலாளியை விட்டு நீங்கியதால் அனுமதியை இழந்தவர்களும் பலர். வேலைக்கான தேவை இருந்து, அதற்கேற்ற சட்டவழி இல்லாதபோது இந்த எண்ணிக்கை பெருகுகிறது. அமெரிக்கா 1986ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டநிலை வழங்கியது. ஆனால் எதிர்காலத் தேவைக்குப் போதிய விசா வழியை அமைக்காததால் சில ஆண்டுகளில் மீண்டும் அதே நிலை உருவானது.

இயந்திரங்களும் தானியங்கி முறைகளும் இந்தத் தேவையை முடித்துவிடுமா?

சில பயிர்களில் முடித்திருக்கின்றன. பிராசெரோ திட்டம் நின்றதும் கலிபோர்னியாவில் பதப்படுத்தலுக்கான தக்காளி அறுவடை சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்துக்கு மாறியது; இயந்திரம் முன்பே உருவாகியிருந்தது, கை உழைப்பு மலிவாகக் கிடைத்தவரை அதை வாங்க வேண்டிய தேவை பண்ணையாளர்களுக்கு எழவில்லை. ஸ்ட்ராபெரி போன்ற மென்மையான பழங்களுக்கு இன்னும் மனிதக் கையே பெரும்பாலும் தேவைப்படுகிறது. கட்டடப் பழுது, சமையல், துப்புரவு ஆகியவற்றிலும் மாற்றம் மெதுவாகவே வருகிறது. பராமரிப்புப் பணியில் நிலைமை இன்னும் தெளிவு. முதியோரைத் தூக்கவும் கண்காணிக்கவும் உதவும் ரோபோக்களில் நெடுங்காலமாக முதலீடு செய்துவரும் நாடு ஜப்பான். 2019இல் அது புதிய வேலை விசாவை அறிமுகம் செய்தபோது, வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்ட துறைகளுள் முதியோர் பராமரிப்பும் ஒன்றாக இருந்தது.